அடிவானத்துக்கு அப்பாலிருந்து ஓர் இரைச்சல்: சிற்றலை வானொலியும் ராடாரும்

சென்ற மாரியில் ஒரு மாலை. மழை விட்டிருந்தது, முற்றத்து மணல் இன்னும் ஈரமாகக் கிடந்தது. எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் வேலிக்கு மேலால் கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டார். அவருடைய விறாந்தையில் பழைய சிற்றலை வானொலிப் பெட்டி ஒன்று ஏரியலை முழுதாக நீட்டிக்கொண்டு அலறியது. அறிவிப்பாளரின் குரல் அடியில் நசுங்கிக் கிடக்க, அதன் மேல் 'கர்ர்ர்ர்' என்று ஒரே சீரான இரைச்சல். அரிசி ஆலை ஓடுவதைச் சுவருக்கு மறுபக்கம் நின்று கேட்பது போல இருந்தது.

"கேளும் தம்பி, மறுபடியும் ராடார் போட்டுவிட்டார்கள்" என்றார். கை கடற்கரைப் பக்கம் காட்டியது. அங்கே உயரத்தில் சுழலும் தட்டு நின்றால்தான் இந்தச் சத்தமும் நிற்கும் என்பது அவருடைய முடிவு.

இந்தக் கதையைப் பல ஆண்டுகளாகப் பல வடிவங்களில் கேட்டு வருகிறேன். கரையில் சுழலும் ராடார்தான் வானொலியைக் கெடுக்கிறது என்பார்கள். யாரோ வேண்டுமென்றே குழப்புகிறார்கள் என்பார்கள். யார் எதைக் கேட்கிறார்கள் என்று ராடார் வேவு பார்க்கிறது என்றுகூடச் சொல்வார்கள். மூன்றும் தவறு. ராடாருக்கும் சிற்றலைக்கும் தொடர்பே இல்லை என்று மறுத்துப் பேசுபவர்களும் தவறாகவே பேசுகிறார்கள். தொடர்பு உண்டு. ஆனால் அந்த ராடார் ஆசிரியர் கைகாட்டிய திசையில் இல்லை.

வானொலி எங்களுக்கு வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. 1990களில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில், பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்றாக இருந்தபோது, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுழற்றித்தான் செய்தி கேட்டோம். பெடலைச் சுற்றுவது சிறுவனான என்னுடைய வேலை. கை சோர்ந்தால் குரல் அமுங்கும். அப்பா பெட்டியிலிருந்து காதை எடுக்காமலே கையை மட்டும் உயர்த்துவார், வேகமாகச் சுற்று என்று அர்த்தம். 1941இல் தொடங்கிய பிபிசி தமிழோசை 2017 ஏப்ரல் 30ஆம் திகதி தன் கடைசி வானொலி ஒலிபரப்பை முடித்துக்கொண்டது. வத்திக்கான், வெரித்தாஸ், சீன வானொலி என்று எத்தனையோ இடங்களிலிருந்து தமிழ் இந்த அலையில் வந்திருக்கிறது. அப்படிக் கேட்டு வளர்ந்தவர்களுக்காகவும், இப்போதுதான் ஒரு சிற்றலைப் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு 'இது என்ன சத்தம்?' என்று கேட்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

ராடார் என்றால் என்ன?

முற்றவெளியில் நின்று யாழ்ப்பாணக் கோட்டையின் மதிலை நோக்கி ஒரு வெடியைக் கொளுத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். சத்தம் மதிலில் பட்டுத் திரும்பி வருகிறது. காற்றில் ஒலி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். எதிரொலி சரியாக ஒரு வினாடி கழித்துக் கேட்டால், போகவும் வரவும் சேர்ந்து 340 மீட்டர். அப்படியானால் மதில் 170 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டே தூரத்தைச் சொல்லிவிடலாம்.

ராடார் செய்வது இதைத்தான். ஒலிக்குப் பதிலாக வானொலி அலையை அனுப்புகிறது. அது விமானத்திலோ கப்பலிலோ பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்து தூரத்தைக் கணிக்கிறது. வானொலி அலை ஒரு வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். எனவே இங்கே கணக்கு மில்லிவினாடியில், அதாவது வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் நடக்கிறது. ஒரு மில்லிவினாடியில் எதிரொலி வந்தால் பொருள் 150 கிலோமீட்டரில் இருக்கிறது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆகவே ராடார் நம் பேச்சைக் கேட்கும் கருவி அல்ல. தான் அனுப்பிய அலையின் எதிரொலியை மட்டும் எதிர்பார்த்திருக்கும் கருவி. உங்கள் வானொலிப் பெட்டி அலையை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். விறாந்தையில் இருந்து நீங்கள் எந்த நிலையத்தைக் கேட்கிறீர்கள் என்பதை எந்த ராடாரும் அறியாது.

கரையில் சுழலும் தட்டு ஏன் குற்றவாளி அல்ல

குழப்பத்துக்கு ஒரு காரணம் எண்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. சிற்றலையில் 31 மீட்டர் பகுதி என்று சொல்லப்படும் புகழ்பெற்ற ஒலிபரப்புப் பகுதி 9.4 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. கப்பல்களிலும் துறைமுகங்களிலும் சுழலும் சாதாரண ராடார் 9.4 கிகாஹெர்ட்ஸ் அளவில் இயங்குகிறது. எண் ஒன்றுதான், ஆனால் இரண்டுக்கும் இடையே ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

ஹெர்ட்ஸ் என்பது அலை ஒரு வினாடியில் எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்ற கணக்கு, அதாவது அதிர்வெண். கிலோஹெர்ட்ஸ் ஆயிரம், மெகாஹெர்ட்ஸ் பத்து லட்சம், கிகாஹெர்ட்ஸ் நூறு கோடி. அதிர்வெண் கூடக்கூட அலையின் நீளம் குறையும். 9.4 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழ 32 மீட்டர் நீளம், ஒரு நெடும்பனையின் உயரம். 9.4 கிகாஹெர்ட்ஸ் அலை 3 சென்ரிமீட்டரைச் சற்றே தாண்டும், இரண்டு விரல் அகலம். பனையளவு அலைக்குக் காத்திருக்கும் பெட்டிக்குள் விரலளவு அலை புகுந்து ஒரு மணி நேரம் அலற வழியில்லை.

அந்தச் சுழலும் ராடார் தொலைதூரமும் போவதில்லை. விரலளவு அலை பெரும்பாலும் நேர்கோட்டில்தான் போகும், பூமியோ வளைந்திருக்கிறது. பருத்தித்துறைக் கரையில் நின்று பார்த்தால் கடலும் வானமும் சேரும் கோடு ஐந்து கிலோமீட்டருக்குள் வந்துவிடும். 30 மீட்டர் உயரக் கோபுரத்தில் ஏறினாலும் 20 கிலோமீட்டர் அளவே. அதற்கு அப்பால் நீர்மட்டத்தில் வரும் படகு பூமியின் வளைவுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. அந்த ராடாரின் கண்ணுக்கும் அடிவானம் ஒரு மதில்தான்.

சிற்றலையைக் கெடுக்கும் ராடார், இந்த மதிலைத் தாண்டிப் பார்ப்பதற்காகவே கட்டப்பட்ட இன்னொரு வகை.

வானத்தில் பட்டுத் தெறிக்கும் அலை

கரம் விளையாடியவர்களுக்கு இது எளிதில் புரியும். நேராக அடிக்க முடியாத காயை எப்படி எடுப்போம்? அடிப்பானைப் பக்கச் சட்டத்தில் மோதவிட்டுத் திருப்பி எடுப்போம். சிற்றலை வானொலியும் அப்படித்தான் வருகிறது. பூமிக்கு மேலே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் தொடங்கிப் பல நூறு கிலோமீட்டர் வரை, சூரிய ஒளியால் காற்றின் அணுக்கள் மின்னேற்றம் பெற்ற ஒரு பகுதி இருக்கிறது. அதன் பெயர் அயனமண்டலம். 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளையே சிற்றலை என்கிறோம். இவை அயனமண்டலத்தில் பட்டு வளைந்து மறுபடியும் பூமிக்கு இறங்குகின்றன. ஒரு தாவலில் 3,000, 4,000 கிலோமீட்டர்கூடப் போகும். கடலிலோ தரையிலோ பட்டு மேலே எழும்பி இன்னொரு தாவலும் போடும். அதனால்தான் ஐரோப்பாவில் பேசியது இணுவிலிலும் அச்சுவேலியிலும் கேட்டது. விரலளவு அலைகளை அயனமண்டலம் திருப்பி அனுப்புவதில்லை, அவை அதை ஊடுருவி விண்வெளிக்குப் போய்விடும்.

கரம் பலகையின் சட்டம் அசையாது. அயனமண்டலம் அசையும். பகலில் அதன் கீழ்ப்படை குறைந்த அதிர்வெண்களை உறிஞ்சிக்கொள்கிறது. பொழுது சாய்ந்ததும் அந்தப் படை கரைந்துவிட, 6, 7, 9 மெகாஹெர்ட்ஸ் பகுதிகள் தொலைதூரத்துக்குத் திறக்கின்றன. 'இரவில் வானொலி நன்றாக எடுக்கும்' என்று வீட்டில் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

இந்தத் தாவலை ராடாருக்கும் பயன்படுத்தலாம் என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் அடிவானம் கடந்த ராடார். சிற்றலையை வானத்தை நோக்கி அனுப்ப வேண்டும். அது அயனமண்டலத்தில் பட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இறங்கும். அங்கே பறக்கும் விமானத்திலும் ஓடும் கப்பலிலும் பட்டு, வந்த வழியே திரும்பும். அவுஸ்திரேலியாவின் ஜோர்ன் என்ற ராடார் அமைப்பு 1,000 முதல் 3,000 கிலோமீட்டர் தூரத்தை இப்படிக் கண்காணிக்கிறது. ரஷ்யாவின் கொன்ரெய்னர் 2019 டிசம்பரில் முழுநேரப் பணிக்கு வந்தது. சைப்பிரஸ் தீவின் அக்ரோத்திரியில் பிரித்தானியாவின் ராடார் இருக்கிறது. சீனாவிடமும் அமெரிக்காவிடமும் இவ்வகை ராடார்கள் உண்டு.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துக்கொள்வோம். ராடார் எதிரொலியால் தூரத்தை அளக்கிறது. கரையில் சுழலும் ராடார் வேறு அதிர்வெண்ணில், அடிவானத்துக்கு உள்ளே வேலை செய்கிறது. சிற்றலையில் விழுவது அடிவானம் கடந்த ராடார். அது நம் ஊரில் இருக்க வேண்டியதே இல்லை.

எத்தனையோ இடம் இருக்க, வானொலி மீதே ஏன் விழுகிறது?

இந்தக் கேள்வியில்தான் 'வேண்டுமென்றே செய்கிறார்கள்' என்ற சந்தேகம் பிறக்கிறது. விடை எளிது. இருவருக்கும் ஒரே வானம் தேவைப்படுகிறது.

இன்று மாலை எந்த அதிர்வெண் நன்றாகத் தாவும் என்று பார்த்து ஒலிபரப்பாளர் அங்கே போகிறார். அதே மாலையில் ராடாரை இயக்குபவரும் அதையே பார்த்து அதே பக்கம் வருகிறார். வானம் மாறமாற இருவரும் இடம் மாறுகிறார்கள். நல்லூர்த் தேர் அன்று எல்லோருக்கும் ஒரே வீதி வேண்டியிருப்பது போல, வானம் திறந்து வைத்திருக்கும் வீதியில் எல்லோரும் நெருக்கியடிக்கிறார்கள்.

இந்த நெருக்கம் ராடாரின் பிறப்பிலேயே இருக்கிறது. 1935 பெப்ரவரி 26ஆம் திகதி இங்கிலாந்தில் ரொபட் வற்சன் வற், ஆர்னல்ட் வில்கின்ஸ் இருவரும் ஒரு விமானத்தை வானொலி அலையால் கண்டறிந்து காட்டினார்கள். அலையை அனுப்ப அவர்கள் தனிக் கருவி கட்டவில்லை. டவென்ரி என்ற ஊரிலிருந்த பிபிசியின் சிற்றலை ஒலிபரப்பி அனுப்பிய அலையே விமானத்தில் பட்டுத் திரும்பியது. ராடார் தன் முதல் அடியை வானொலியின் தோளில் நின்றுதான் வைத்தது.

எந்த அலைவரிசை யாருக்கு என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்திருக்கிறது. ஒலிபரப்புக்கும், பொழுதுபோக்காகத் தாங்களே அலையனுப்பிப் பேசும் அமெச்சூர் வானொலியாளர்களுக்கும், விமானப் போக்குவரத்துக்கும் தனித்தனிப் பகுதிகள் உண்டு. ஆனால் இராணுவ ராடார்கள் அந்த எல்லைகளை எப்போதும் மதிப்பதில்லை. இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ஒலிபரப்பைக் கெடுப்பது அவர்களுடைய நோக்கம் அல்ல என்பது சரி. ஆனால் வல்லரசுகளின் வேலிச் சண்டையில், பத்து ரூபாய்க்கும் கணக்குப் பார்த்துப் பற்றரி வாங்கிச் செய்தி கேட்கும் மனிதனின் காது ஒரு பொருட்டாக எண்ணப்படவில்லை என்பதும் உண்மை.

அந்தக் 'கர்ர்ர்' எப்படிப் பிறக்கிறது

சிறு வயதில் சைக்கிள் கம்பிகளுக்கிடையே தடித்த அட்டைத் துண்டைச் செருகி ஓட்டியிருப்பீர்கள். மெதுவாக உருட்டினால் 'டக்... டக்... டக்' என்று தனித்தனியாகக் கேட்கும். வேகம் கூடினால் தட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து 'டர்ர்ர்' ஆகிவிடும். அட்டையும் அதுவே, கம்பியும் அதுவே. ஒரு வினாடியில் எத்தனை தட்டு என்பது மட்டும் மாறியிருக்கிறது.

ராடாரின் சத்தமும் இப்படித்தான். இன்றைய அடிவானம் கடந்த ராடார்கள் பெரும்பாலும் ஒரே அதிர்வெண்ணில் நிற்பதில்லை. ஒரு சிறு பகுதியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வழுக்கிக்கொண்டு போய், மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகின்றன. இதற்கு அலைவருடல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஆர்மோனியத்தின் கட்டைகள் மீது ஒரு விரலை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இழுப்பது போன்றது இது. உங்கள் பெட்டிக்கு அந்த ஆர்மோனியத்தின் ஒரு சில கட்டைகள் மட்டுமே கேட்கும். விரல் அந்தக் கட்டைகளைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு தட்டு. வினாடிக்கு 50 தடவை கடந்தால் 50 தட்டு, காதுக்கு அது 'கர்ர்ர்'.

ஏன் 50? முன்பு நினைவில் வைக்கச் சொன்ன எண்ணை எடுங்கள். வினாடிக்கு 50 தடவை என்றால் ஒவ்வொன்றுக்கும் 20 மில்லிவினாடி. ஒரு மில்லிவினாடிக்கு 150 கிலோமீட்டர் வீதம், 20 மில்லிவினாடியில் 3,000 கிலோமீட்டர். அதற்கு அப்பாலிருந்து வரும் எதிரொலி அடுத்த வருடலோடு கலந்து குழம்பிவிடும். ஆகவே 3,000 கிலோமீட்டர் வரை குழப்பமில்லாமல் பார்க்க விரும்பும் ராடார் வினாடிக்கு 50 என்ற அளவில் வருடுகிறது. நம் காதுக்குக் கேட்கும் சுருதி, அந்த ராடார் எவ்வளவு தூரம் பார்க்க நினைக்கிறது என்பதை வெளியே சொல்லிவிடுகிறது. இதை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இன்னும் மெதுவாகத் தட்டிய ராடார் ஒன்று உலகப் புகழ் பெற்றது. 1976இல் உலகமெங்கும் சிற்றலையில் திடீரென்று வினாடிக்குப் பத்துத் தட்டு வீதம் 'டக்டக்டக்' என்று கேட்கத் தொடங்கியது. நேயர்கள் அதற்கு ரஷ்ய மரங்கொத்தி என்று பெயர் வைத்தார்கள். அது சோவியத் ஒன்றியத்தின் துகா என்ற ராடார். ஏவுகணைகள் கிளம்புவதைத் தொலைவிலிருந்தே கண்டுபிடிக்கக் கட்டப்பட்டது. 1989 வரை அந்தச் சத்தம் தொடர்ந்தது. அதன் பிரமாண்டமான அன்ரனா வரிசை, அணுவுலை விபத்தால் பெயர் பெற்ற செர்னோபிலுக்கு அருகே இன்றும் நிற்கிறது.

இன்னொரு கணக்கும் பயனுள்ளது. வருடும் பகுதி அகலமாக இருந்தால் ராடாரின் பார்வை கூர்மையாகும். 15 கிலோஹெர்ட்ஸ் அகலம் வருடினால், தூரத்தில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் இடைவெளி இருந்தால்தான் இரண்டு பொருட்களைப் பிரித்தறிய முடியும். யாழ் நகருக்கும் சுன்னாகத்துக்கும் இடைப்பட்ட தூரம் அது. வேவு பார்க்கிறது என்ற பயத்துக்கு இந்த எண்ணே போதுமான மறுமொழி. ஒலிபரப்பாளரின் பக்கமிருந்து பார்த்தால் இதே எண் துயரமானது. ஒரு நிலையத்துக்கு 10 கிலோஹெர்ட்ஸ் இடம் போதும். 15, 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் வருடும் ராடார் ஒன்று இறங்கினால் இரண்டு மூன்று நிலையங்கள் ஒன்றாக அடிபடுகின்றன.

ஏன் நகராமல் ஒரே இடத்தில் நிற்கிறது

"சரி, வந்தது வந்துவிட்டது, உடனே போய்விடக்கூடாதா?" என்று ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி.

யாழ்தேவி கடவையைக் கடக்கும்போது அதன் ஊதலைக் கவனித்திருப்பீர்கள். நம்மை நோக்கி வரும்போது சுருதி உயர்ந்தும், கடந்து போனதும் தாழ்ந்தும் கேட்கும். நகரும் பொருளிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் இப்படி மாறுவதை டொப்ளர் விளைவு என்கிறார்கள். மேலிருந்து கீழே பார்க்கும் ராடாருக்கு இதுதான் உயிர். தரையிலிருந்தும் கடலிலிருந்தும் மிகப் பெரிய எதிரொலி திரும்புகிறது. அதற்குள் ஒரு விமானத்தின் எதிரொலி, திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளை மாதிரி. விமானம் நகர்கிறது, தரை நகர்வதில்லை. அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

அந்த வித்தியாசம் எவ்வளவு? 15 மெகாஹெர்ட்ஸ் அலையில், மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் நேராக வரும் விமானம் உண்டாக்கும் மாற்றம் 50 ஹெர்ட்ஸ்கூட இல்லை, 25 ஹெர்ட்ஸ். ஒன்றரைக் கோடியில் இருபத்தைந்து. கப்பலோ அதைவிட மிக மெதுவாகப் போகும். இத்தனை நுண்ணிய மாற்றத்தை அளக்க, ராடார் ஒரே இடத்தில் பல வினாடிகள், கப்பலுக்கு அதைவிட நீண்ட நேரம், திரும்பத் திரும்ப வருட வேண்டும். அதனால்தான் இரைச்சல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வேலை முடிந்ததும், அல்லது வானம் மாறியதும், கத்தரித்தது போல மறைந்து வேறிடம் போகிறது.

கடலின் நீரோட்டத்தைப் பார்க்கும் ராடார்

எல்லாச் சிற்றலை ராடாரும் போர்க்கருவி அல்ல. கடல் நீரோட்டத்தை அளக்கும் சிறிய ராடார்கள் உலகின் பல கரைகளில் இருக்கின்றன. இவை வானத்துக்குப் போவதில்லை. உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் சிற்றலை கடலின் மேற்பரப்பை ஒட்டியே நெடுந்தூரம் ஊர்ந்து போகும். தன் நீளத்தில் பாதியளவு இடைவெளியுள்ள கடலலைகளிலிருந்து அது பலமாகத் திரும்புகிறது. 5 மெகாஹெர்ட்ஸ் அலை 60 மீட்டர் நீளம், எனவே 30 மீட்டர் இடைவெளியுள்ள கடலலைகள். அவற்றின் வேகத்திலிருந்து நீரோட்டத்தைக் கணிக்கிறார்கள். எண்ணெய்க் கசிவு எங்கே போகும், கடலில் தவறியவரை எங்கே தேடுவது என்பதற்கெல்லாம் இது உதவுகிறது. தமிழ்நாட்டில் கல்பாக்கத்திலும் கடலூரிலும் இவ்வகை ராடார்கள் நிறுவப்பட்டன. பருத்தித்துறையிலிருந்து கடலூர் ஏறத்தாழ 220 கிலோமீட்டர், இடையில் இருப்பது வெறும் கடல்.

இவற்றின் சத்தம் 'கர்ர்ர்' அல்ல. வருடல் மெதுவானது, வினாடிக்கு ஒன்றிரண்டு. 'உஷ்... உஷ்... உஷ்' என்று வாசல் கூட்டுவது போலக் கேட்கும். 2012இல் ஜெனீவாவில் நடந்த உலக வானொலி மாநாடு இவற்றுக்கென்று சில பகுதிகளை ஒதுக்கியது. இருபது நிமிடங்களுக்குள் ஒரு தடவையாவது தன் அடையாளத்தை மோர்ஸ் குறியீட்டில் சொல்ல வேண்டும் என்றும் விதித்தது. இந்த ராடார்கள் மீது எனக்குக் குறையில்லை. கேட்டால் பெயரைச் சொல்கின்றன, கடலுக்குப் போனவனையும் தேடித் தருகின்றன.

ராடார் அல்லாதவை

உண்மையைச் சொன்னால், ராடார் என்று என்னிடம் முறையிடப்பட்ட சத்தங்களில் பெரும்பாலானவை வீட்டுக்குள்ளேயே பிறந்தவை. எல்இடி குமிழ், கைபேசிச் சார்ஜர், கூரையில் பூட்டிய சூரிய மின்தகட்டின் இன்வெர்ட்டர் எல்லாம் மின்சாரத்தை வேகமாக வெட்டி ஒட்டிப் பயன்படுத்துகின்றன. மலிவாகச் செய்யப்பட்டவை அந்த வெட்டுச் சத்தத்தைக் கம்பி வழியே நாலாபக்கமும் பரப்புகின்றன. மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதுவும் 'கர்ர்ர்' என்றே இரைந்து ராடாரைப் போல நடிக்கும்.

பிரித்தறிவது கடினமல்ல. பெட்டியைப் பற்றரியில் ஓட்டிக்கொண்டு வீட்டின் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். இரைச்சல் செத்தால் குற்றவாளி உங்கள் கூரைக்குக் கீழே இருக்கிறான். சாகாவிட்டால் பெட்டியின் திருகியை மெதுவாக நகர்த்துங்கள். அயல் வீட்டுச் சத்தம் பெரும்பாலும் எங்கு திருப்பினாலும் இருக்கும், சுவர் முழுவதும் பிடித்த பாசி போல. ராடாருக்குக் கரை உண்டு: ஓரிடத்தில் சட்டென்று தொடங்கி, சில பத்து கிலோஹெர்ட்ஸ் தள்ளிச் சட்டென்று முடியும். இன்னொரு அடையாளம் எனக்கு மிகவும் பிடித்தது. ராடார் வானத்தில் தாவி வருவதால், தொலைதூர நிலையத்தின் குரல் போலவே மங்கியும் எழுந்தும் கேட்கும். வீட்டுச் சார்ஜரின் சத்தத்துக்கு அந்த மூச்சு இல்லை.

வேண்டுமென்றே செய்யும் அலைத்தடுப்பும் உலகில் உண்டு. பனிப்போர்க் காலத்தில் சோவியத் ஒன்றியம் மேற்கு நாடுகளின் ரஷ்ய மொழி ஒலிபரப்புகள் மீது பல ஆண்டுகள் இரைச்சலைக் கொட்டி, 1988இல் நிறுத்திக்கொண்டது. அலைத்தடுப்பு ஒரு நிலையத்தின் அலைவரிசை மீதே குறிவைத்து உட்காரும், நிகழ்ச்சியோடு தொடங்கும், நிகழ்ச்சியோடு முடியும். ராடாருக்கு நிகழ்ச்சி நிரல் தெரியாது.

இன்னொன்று நம் பிரதேசத்துக்கே உரியது. பூமியின் காந்தமண்டல நடுக்கோடு நமக்கு மிக அருகில் போகிறது. 1963இல் இந்தியா தன் முதல் ஆய்வு ராக்கெட்டை ஏவக் கேரளத்தின் தும்பாவைத் தெரிந்தெடுத்ததற்கு அந்த நடுக்கோடுதான் காரணம். இக்கோட்டை ஒட்டிய அயனமண்டலம் பொழுது பட்ட பின் சில நாட்களில் குமிழியிட்டுக் குழம்பும். அப்போது நிலையங்களின் குரல் படபடவென்று, ஓடும் காற்றாடிக்குப் பின்னால் நின்று பேசுவது போலத் துடிக்கும். அதுவும் ராடார் அல்ல, இயற்கை.

நம்மால் என்ன செய்ய முடியும்

பனையில் கட்டிய நீளமான கம்பி ஏரியல் வீட்டுச் சத்தத்துக்கு எதிராக உதவும். ராடாருக்கு எதிராக அதிகம் உதவாது. நிலையமும் ராடாரும் ஒரே வானத்திலிருந்து இறங்குவதால் கம்பி இரண்டையும் சேர்த்தே அள்ளும். சத்தத் துடிப்பை வெட்டும் பொத்தான்கள் மரங்கொத்தி போன்ற தனித்தனித் தட்டுகளுக்கு ஓரளவு வேலை செய்தன, வழுக்கிக்கொண்டு போகும் வருடலுக்குப் பயன் குறைவு. பெட்டியில் பக்கப்பட்டையைத் தெரிவுசெய்யும் வசதி இருந்தால், நிலையத்தின் மேல்பாதியையோ கீழ்பாதியையோ மட்டும் கேட்டுப் பாருங்கள். ராடார் ஒரு பக்கத்தை மட்டும் தொட்டிருந்தால் மறுபக்கம் தெளிவாக வரும். நான் முதலில் செய்வது இதைவிட எளிது: அதே நிகழ்ச்சி வேறு அலைவரிசையிலும் வருகிறதா என்று தேடுவேன். பல நிலையங்கள் இரண்டு மூன்றில் ஒரே நேரத்தில் ஒலிபரப்புகின்றன.

ஆர்வமுள்ளவர்கள், வேறு நாட்டில் இருந்தாலும் இணையம் வழியே நாமே திருகிக் கேட்கக்கூடிய வானொலிப் பெட்டிகளையும் பயன்படுத்தலாம். நெதர்லாந்தின் துவென்டே பல்கலைக்கழகம் 2008இல் அப்படியொன்றைத் தொடங்கி எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. இங்கே கேட்கும் 'கர்ர்ர்' அங்கேயும் அதே அலைவரிசையில் கேட்டால், உங்கள் அயலவரின் இன்வெர்ட்டரை அன்றே மன்னித்துவிடலாம். அமெச்சூர் வானொலியாளர்களின் சர்வதேச ஒன்றியம், தங்கள் பகுதிகளுக்குள் அத்துமீறும் சமிக்ஞைகளைத் தன்னார்வலர்களைக் கொண்டு பதிவுசெய்து, அந்தந்த நாட்டு அதிகாரிகள் மூலம் முறையிடுகிறது. அந்த முறையீட்டுக்கு அடிப்படை திகதி, நேரம், அலைவரிசை, எவ்வளவு நேரம் நீடித்தது என்ற நான்கு குறிப்புகள்.

அந்த மாரி மாலையில் ஆசிரியர் வீட்டு மெயின் சுவிட்சை நிறுத்திப் பார்த்தோம். விளக்கு அணைந்தது, இரைச்சல் நிற்கவில்லை. இருட்டில் திருகியை நகர்த்தினேன். 20 கிலோஹெர்ட்ஸ் தள்ளிச் சத்தம் அறுந்தது. திரும்ப வந்தபோது அது மெல்ல மங்கி, மறுபடி எழுந்தது. "அப்படியானால் இது கரையிலிருந்து வருவது இல்லையா?" என்று கேட்டார். சைப்பிரஸிலிருந்து வருவதாக வைத்துக்கொண்டாலும் அது 5,500 கிலோமீட்டர் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். சிறிது நேரத்தில் இரைச்சல் அறுந்தது, அறிவிப்பாளரின் குரல் வாக்கியத்தின் நடுவில் வெளியே வந்தது.

இப்போது பெட்டிக்கு அருகே ஒரு அப்பியாசக் கொப்பி வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்து இடாப்பு எழுதிய அதே கையெழுத்தில், கோடு போட்டு நான்கு நிரல்கள். போன வாரம் காட்டினார். ஓரிடத்தில் சிவப்பு மையால் எழுதியிருந்தது: "பிற்பகல் 7.10. எல்லா அலைவரிசையிலும். மெயின் நிறுத்தியதும் நின்றது. பேரனின் சார்ஜர்." அதற்குக் கீழே, நீல மையில்: "பிற்பகல் 8.25. 9.6 மெகாஹெர்ட்ஸ். மெயின் நிறுத்தியும் இருந்தது. 6 நிமிடம். போய்விட்டது."